கொதிக்கும் கூரை, மூடிய சன்னல்: ஏழைகளின் வீட்டுக்கு வெள்ளை பெயிண்ட் மட்டும் போதுமா?

மே மாதம், இரவு பதினோரு மணி. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு மேல்மாடி வீடு. தெருவில் சூடு கொஞ்சம் இறங்கியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் அப்படி இல்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடும், ஆனால் "அனல் காத்துதான் வருது" என்ற புகார்தான் வீட்டுக்கு வீடு கேட்கும். தரையில் தண்ணீர் தெளித்துக் குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள். ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்விடுவார்கள். பெண்களில் பலருக்கு அந்த வழியும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே புரள வேண்டியதுதான்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் தாக்கி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் வெப்பப் பேரிடர் என்றதும் எல்லோர் கண்ணிலும் வருவது மதிய வெயில், சாலை, தண்ணீர்ப் பந்தல், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இரவு பதினோரு மணி வீடு அந்தப் படத்தில் வருவதே இல்லை. பகல் முழுக்க வெயிலில் வெந்த உடம்பு மீள்வது இரவுத் தூக்கத்தில்தான். அந்த இரவும் கொதித்தால், மறுநாள் வேலைக்குப் போகிற உடம்பு ஏற்கெனவே பாதி தோற்றுப்போன உடம்பு.

இதற்கு விடையாக இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் 'கூல் ரூஃப்'. மொட்டை மாடியில் வெள்ளை பெயிண்ட் அடித்தால் வீடு குளிரும் என்கிறார்கள். உண்மை, குளிரும். அதோடு வேலை முடிந்தது என்று அரசும் நிறுவனங்களும் நினைத்துவிடுவதில்தான் சிக்கல். ஒரு வீடு கொதிக்குமா குளிருமா என்பது பெயிண்ட் டப்பா வருவதற்கு வெகு முன்பே, வரைபடம் போடும் மேசையில் முடிவாகிவிடுகிறது. அங்கே குடியிருக்கப் போகிறவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடப்படுவதில்லை.

கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது?

தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் மெல்லியவை. வெயில் பட்ட சில நிமிடங்களிலேயே காய்ந்து, அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். மதியம் அந்த வீட்டுக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. ஆனால் பொழுது சாய்ந்ததும் ஷீட் சீக்கிரம் ஆறிவிடும்.

கான்கிரீட் தளம் வேறு ரகம். அது தோசைக்கல். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுமே, அதுபோல. பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் விடும். அதனால்தான் மதியம் பரவாயில்லை என்று இருந்த வீடு ராத்திரி எட்டு மணிக்குத் தாங்க முடியாமல் போகிறது. சூடு காற்றில் மட்டும் இல்லை, தளத்திலிருந்து நேராக உடம்பில் வந்து இறங்குகிறது. ஃபேன் செய்வதெல்லாம் தளத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளுவதுதான். சென்னையில் புழுக்கமும் சேர்வதால் வியர்வை காய்வதில்லை. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிர வழி இல்லை.

இது தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். மழைத் தண்ணீர் இறங்காது, சூடும் எளிதில் இறங்காது. ஆனால் சீட்டுப் பணம் எடுத்து, நகையை அடகு வைத்து ஒரு தளம் போட்ட குடும்பத்திடம் அதற்கு மேல் செலவழிக்கக் காசு இருக்காது. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று முதலில் தள்ளிப்போவது தட்டோடுதான்.

ஏசி போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றலாம். கணக்கு போட்டால் தெரியும். மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்து வைத்தாலும், இரவு 8 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 480 யூனிட். இலவச மின்சாரம் 100 யூனிட்டோடு முடிந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டு ஓனர் தனியாக ஒரு ரேட் வைத்திருப்பார். போதாததற்கு, நெருக்கமான சந்தில் ஒரு ஏசி வெளியே தள்ளும் அனல் எதிர்வீட்டுச் சன்னலுக்குள்தான் போகும்.

அகமதாபாத் கற்றுக்கொண்ட பாடம்

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். அதன் விளைவாக 2013-இல் அந்த மாநகராட்சி, தெற்காசியாவிலேயே முதன்முறையாக, வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைத் தயாரிப்பு, தண்ணீர் என்று தொடங்கிய திட்டத்தில் 2017-இல் கூல் ரூஃப் சேர்ந்தது. முதல் கட்டமாகச் சுமார் 3,000 கூரைகளில் சுண்ணாம்பு சார்ந்த வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம் என்பது இத்தகைய பூச்சுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 40 டிகிரி அறையில் 3 டிகிரி குறைவது என்பது தூங்குவதற்கும் தூங்காமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

பெயிண்டைவிட முக்கியமான ஒன்று அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது. 1972-இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பிலிருந்து, 1994-இல் பெண்களின் வீட்டுவசதிக்காகவே மகிளா ஹவுசிங் டிரஸ்ட் உருவானது. வீட்டிலேயே தையல், ஊதுபத்தி, பீடி என்று வேலை செய்யும் பெண்களுக்கு வீடுதான் பட்டறை. மதியம் வீடு கொதித்தால் கை ஓடாது, கூலி குறையும். அதனால் அவர்களுக்குக் கூரை என்பது வருமானப் பிரச்சினை. அந்தந்தப் பகுதிப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போய், எந்தக் கூரைக்கு எது பொருந்தும் என்று பேசினார்கள். ஒரு வீட்டுக்கு வெள்ளைப் பூச்சு போதும். இன்னொன்றில் ஷீட்டையே எடுத்துவிட்டு, அட்டைக் கழிவிலிருந்து செய்த வெப்பம் தாங்கும் பலகைகளைக் கடனில் போட வேண்டும். மற்றொன்றில் காற்றும் வெளிச்சமும் இறங்கக் கூரையில் ஒரு திறப்பு வைத்தாலே நிலைமை மாறும். 'எல்லாருக்கும் ஒரே டப்பா' என்று அங்கே போகவில்லை.

வடசென்னையில் பூ கட்டும், இட்லி மாவு அரைக்கும், அப்பளம் போடும் பெண்களுக்கும் இது அப்படியே பொருந்தும். சூட்டில் மல்லி சீக்கிரம் மலர்ந்துவிட்டால் முழம் விலை இறங்கிவிடும். மாவு பொங்கிப் புளித்துவிட்டால் அன்றைய முதல் போச்சு. கூல் ரூஃப் திட்ட அறிக்கைகள் டிகிரியை மட்டும் எண்ணுகின்றன. இந்த நஷ்டத்தை யாரும் எண்ணுவதில்லை.

தெலங்கானா 2023-இல் ஐந்தாண்டுக் கூல் ரூஃப் கொள்கையையே அறிவித்தது. 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெப்பம் தடுக்கும் கூரையாக்குவது இலக்கு. ஆனால் அதில் ஒரு விசித்திரம். அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கெஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்கும் அது கட்டாயம். சிறிய வீடுகளுக்கு விருப்பம்போல. ஏசி இருக்கிற வீட்டுக்குக் கட்டாயம், ஃபேன் மட்டும் இருக்கிற வீட்டுக்கு விருப்பம் என்று நடைமுறையில் ஆகிவிடும். ஏழைகள் மேல் சட்டச் சுமை வேண்டாம் என்ற நல்லெண்ணம் இதில் இருக்கலாம். சுமையை எடுத்ததோடு உதவியும் சேர்ந்து போய்விடக் கூடாது.

எட்டு மாடியில் ஒரு மாடிக்கு மட்டும்

வெள்ளைப் பூச்சின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. தனி வீட்டுக்கும் ஒற்றை மாடி வீட்டுக்கும் அது பெரிய உதவி. எட்டு மாடி போர்டு வீட்டில் அது மேல்மாடிக்காரர்களுக்கு மட்டும்தான். கீழே இருக்கும் ஏழு மாடிகளில் சூடு வருவது மேற்குச் சுவரிலிருந்தும் நிழல் இல்லாத சன்னலிலிருந்தும் வெளியேற வழி தெரியாமல் நிற்கும் காற்றிலிருந்தும்.

காற்றுக்கு இரண்டு வாசல் வேண்டும்: ஒரு பக்கம் நுழைய, எதிர்ப்பக்கம் வெளியேற. நடுவில் ஒரு நடை, இரு பக்கமும் எதிரெதிர் வீடுகள் என்று வரைந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவர் ஒரே பக்கம்தான் கிடைக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்தாலும், உள்ளே வந்த காற்று போக வழி இல்லாததால் வாசலோடு நின்றுவிடும். இதை எந்தப் பெயிண்டாலும் சரிசெய்ய முடியாது.

மத்திய அரசின் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற 2018-ஆம் ஆண்டு வீட்டு எரிசக்தி விதித்தொகுப்பு இதற்கு ஒரு எளிய அளவு சொல்கிறது. சென்னை போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில், வெளியே திறக்கும் சன்னல், வெண்டிலேட்டர், கதவு எல்லாம் சேர்த்துத் திறப்பின் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 400 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 67 சதுர அடி. நாலுக்கு நாலு சன்னல் ஒன்று 16 சதுர அடி. அதுவே ஸ்லைடிங் சன்னல் என்றால் ஒரு நேரத்தில் திறப்பது பாதிதான், 8 சதுர அடி. அப்படி எத்தனை சன்னல் வேண்டும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, தெரிந்த எந்தச் சின்ன வீட்டையும் நினைத்துப் பார்க்கலாம். (சொல்லப்போனால், ஐ.டி. ஊழியர்கள் 20,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒன் பி.எச்.கே. பிளாட்டுகளிலும் இது தேறுமா என்பது சந்தேகம்தான்.)

இங்கேதான் குடியிருப்பவர்களைக் கேட்பதன் அவசியம் புரியும். 67 சதுர அடி சன்னலை வைத்துக் கொடுத்துவிட்டாலும், ராத்திரி அதைத் திறப்பார்களா? கொசு வரும். நடைபாதைப் பக்கச் சன்னல் என்றால் போகிறவர் வருகிறவர் பார்வை உள்ளே விழும். வயசுப் பெண் இருக்கும் வீட்டில் திறக்கவே மாட்டார்கள். செல்போன் திருட்டுப் பயம் வேறு. ஆகவே விதிப்படி சரியான வீடும் இரவில் மூடிய பெட்டியாகிவிடும். தலைக்கு மேல் உயரத்தில் ஒரு வெண்டிலேட்டர், கீழே யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஜாலி, சன்னலுக்குக் கொசுவலை என்று மாற்றினால் அதே வீடு இரவெல்லாம் திறந்திருக்கும். இதைச் சொல்லக் கட்டடக் கலைப் பட்டம் தேவையில்லை, அந்த வீட்டில் ஒரு மே மாதம் தூங்கியிருக்க வேண்டும்.

புடவையில் கட்டிய வீடு

'மக்களைக் கேட்டு எல்லாம் வீடு கட்ட முடியுமா' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு, மும்பையில் 1980-களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள், மகிளா மிலன் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், மும்பை ஜனதா காலனியில் வாழ்ந்து, 1976-இல் அந்தக் காலனி இடிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர். குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கி, பிற்காலத்தில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர். இடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருப்பதைவிட, தங்களுக்கு என்ன மாதிரி வீடு வேண்டும் என்று அந்தப் பெண்களே வரையட்டும் என்று முடிவு செய்தார்கள். வரையத் தெரியாது. அதனால் புடவைகளையும் அட்டைகளையும் வைத்து, அசல் அளவிலேயே மாதிரி வீடுகளைக் கட்டிப் பார்த்தார்கள். உள்ளே போய் நின்று, எங்கே சமைப்பது, எங்கே படுப்பது என்று நடந்து பார்த்தார்கள். கடைசியில் அவர்கள் கேட்டது பெரிய வீடு இல்லை, உயரமான வீடு: 14 அடி உயரம், அதில் ஒரு பரண். தரைப்பரப்பு கூடாமலே படுக்க இன்னொரு இடம் கிடைக்கும்.

அவர்கள் வெப்பத்தை மட்டும் மனதில் வைத்துக் கேட்கவில்லை, இடத்துக்காகக் கேட்டார்கள். ஆனால் தளம் தலையிலிருந்து தள்ளிப் போனால் சூடும் தள்ளிப் போகும் என்பது பழைய ஓட்டு வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச உயரத்தோடு நிறுத்திக்கொண்டு மாடிமேல் மாடி ஏற்றும் கணக்கில், இந்த யோசனை ஒருநாளும் வராது. தரைப் பரப்பை வைத்தே வீட்டை அளக்கிறது அரசு. உள்ளே வாழ்கிறவர்கள் உயரத்தையும் சேர்த்து அளந்தார்கள்.

அதே மகிளா மிலனும் ஸ்பார்க் அமைப்பும் பின்னர் புனேயின் ஏரவாடாவில் இதைப் பெரிதாகச் செய்து காட்டின. மத்திய அரசின் நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதித் திட்டப் பணத்தில், 2009-ஐ ஒட்டி வேலை தொடங்கியது. யாரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை. சந்துகள் அப்படியே, அக்கம்பக்கம் அப்படியே. குடிசையாக இருந்த வீடுகளை மட்டும் எடுத்து, அதே இடத்தில் சுமார் 270 சதுர அடி வீடு. குடும்பங்கள் 10 சதவீதம் பங்கு போட்டன. கட்டடக் கலைஞர் பிரசன்ன தேசாய் குழு சில மாதிரிகளைத் தந்தது. எந்த மாதிரி, சமையலறை எந்தப் பக்கம், பக்கத்து வீட்டோடு சேர்த்துக் கட்டுவதா என்பதைக் குடும்பங்கள் முடிவு செய்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளான் தேவைப்படவில்லை. கைக்கு அடங்கும் சில மாதிரிகள் போதுமாக இருந்தன. 'ஆயிரம் பேரைக் கேட்டால் ஆயிரம் பிளான் போடணுமே' என்ற பயத்துக்கு அதுதான் பதில்.

ஏரவாடாவைக் கோயிலாக்கத் தேவையில்லை. ஏற்கெனவே பக்காவாக இருந்த, ஆனால் காற்றே வராத வீடுகள் திட்டத்துக்குள் வரவில்லை. சந்து குறுகலாக இருந்த இடத்தில் குறுகலாகவே இருந்தது. ஆனாலும், வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் நிலை யாருக்கும் வரவில்லை.

சென்னை மறந்த மனைகள்

சென்னைக்கு இது புது யோசனையும் இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கிய காலத்தில் மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள்தான் வழி என்று இருந்தது. ஆனால் 1977-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் வேறு ஒரு பாதை எடுக்கப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் அரசு வீடு கட்டித் தரவில்லை. ரோடு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட்டு, மனை பிரித்துக் கொடுத்தது. கால் கிரவுண்டுக்கும் குறைவான மனைகளும் அதில் உண்டு. ஏழைகளுக்கு என்று ஒரு மூலை ஒதுக்காமல், பெரிய மனை, சின்ன மனை கலந்து போட்டார்கள். குடும்பங்கள் கையில் காசு வந்தபோது ஒரு அறை, பிறகு ஒரு மாடி என்று தாங்களே கட்டிக்கொண்டார்கள். அதே காலத்தில், இருக்கும் குடிசைப் பகுதிகளில் மக்களை நகர்த்தாமல் மனை உரிமை கொடுக்கும் வேலையும் நடந்தது.

உலக வங்கியே இந்த வகைத் திட்டங்களைத் தோல்வி என்று நினைத்துப் பின்னர் கைவிட்டது. இருபது ஆண்டுக்குப் பிறகு சென்னை, மும்பைப் பகுதிகளுக்குத் திரும்பி வந்து பார்த்த ஆய்வாளர்கள், தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டவை நன்றாக வளர்ந்த குடியிருப்புகளாக இருப்பதைக் கண்டு 2018-இல் எழுதினார்கள். இன்று அரும்பாக்கத்தில் நடந்து போனால், அது ஒரு காலத்தில் ஏழைகளுக்காகப் பிரித்த மனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெப்பத்துக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியான சம்பந்தம். நாளைக்கே ஜேசிபி வரலாம் என்ற இடத்தில் யார் தட்டோடு பதிப்பார்கள்? கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஷீட்டைத்தான் போடுவார்கள். அந்த ஷீட்தான் மதியம் அடுப்பாகிறது. மனை தன்னுடையது என்று உறுதியானால்தான் வேப்ப மரம் வைப்பார்கள், மேற்குச் சுவரைத் தடிப்பாக எழுப்புவார்கள், இரண்டாவது சன்னல் வைப்பார்கள். நகர்ப்புறக் குடிசைவாசிகளுக்கு நில உரிமை கொடுக்க 2017-இல் ஒடிசா தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதைச் சமூக நீதி என்ற தலைப்பில் மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். வெப்பத் தடுப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய விஷயம் அது.

சென்னை அதற்கு நேரெதிர்த் திசையில் போனது. 2000-த்தில் தொடங்கி கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரின் ஆரம்ப வீடுகள் சுமார் 200 சதுர அடிதான். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை, வெள்ள ஆபத்து என்று சொல்லி நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பினார்கள். தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரில் இருந்தவர்களும் அப்படிப் பெரும்பாக்கம் போனவர்கள்தான். போய்ச் சேர்ந்த இடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மிதந்தன. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளம் வரும் இடத்துக்கே அனுப்பியது எந்தக் கணக்கில் 'பாதுகாப்பு' என்பதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஓ.எம்.ஆர். ஐ.டி. அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் பெண்களில் பலர் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். பகலில் 24 டிகிரி ஏசி ஹாலைத் துடைத்துவிட்டு, இரவு அந்த வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

அதே பெரும்பாக்கத்தில்தான் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில், முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்தி, 116 கோடி ரூபாயில் 1,152 வீடுகள் எழுந்தன. 2022 மே மாதம் திறந்தார்கள். பருவநிலையைத் தாங்கும் புதிய தொழில்நுட்பம் என்று பேசப்பட்டது. வேகமும் உறுதியும் நல்ல விஷயம், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் போட்டி தொழில்நுட்பங்களுக்கு இடையேயான போட்டி. வீடு எந்த ஊரில் இருக்க வேண்டும், வேலை எங்கே, பள்ளி எங்கே, சன்னல் எந்தப் பக்கம் என்ற கேள்விகள் அதில் இல்லை.

இப்போது கேட்க வேண்டியது

2011 கணக்கெடுப்பின்படி சென்னையில் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நகரத்தில் நாலில் ஒருவருக்கும் அதிகம். வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இப்போது நகரத்துக்குள்ளேயே உள்ள பழைய, சிதிலமடைந்த போர்டு கட்டடங்களை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டும் வேலை நடக்கிறது. வீடும் முன்பைவிடப் பெரிதாகிறது. வெளியே துரத்தாமல் அதே இடம் என்பதால் இது சரியான திசை. ஆனால் இந்தக் கட்டடங்கள் இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் நிற்கப் போகிறவை. இன்றைய வரைபடத்தில் மேற்குச் சுவருக்கு நிழல் இல்லை என்றால், 2060-இலும் அந்தச் சுவர் கொதிக்கும். அப்போது வெயில் இன்றைக்கு இருப்பதைப் போல இருக்காது.

இடிப்பதற்கு முன் அங்கே வாழ்கிறவர்கள் எங்கும் போய்விடவில்லை. முப்பது, நாற்பது வருஷம் அதே பிளாக்கில் இருந்தவர்கள். எந்த மூலையில் காற்று வரும், எந்த மாடியில் தண்ணீர் ஏறாது, எந்த மரத்தடியில் மதியம் எல்லோரும் உட்காருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்களிடம் ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் கேட்கிறார்கள். வரைபடத்தையும் ஒருமுறை காட்டலாம். பேப்பரில் காட்டினால் யாருக்கும் புரியாது. பைகுல்லா பெண்கள் செய்த மாதிரி, ஒரு காலி இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அசல் அளவில் துணி கட்டிக் காட்டலாம். ஒரு வார வேலை. டெண்டர் தாமதங்களோடு ஒப்பிட்டால் அது ஒரு தாமதமே இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை என்பதும் இங்கே சேர வேண்டும். குடிசைப் பகுதி வீடுகளில் வாடகைதாரர்களும் கணிசமாக உண்டு. கூரை ஓனருடையது, சூடு வாடகைதாரருடையது. கூல் ரூஃப் மானியம் ஓனர் பெயரில்தான் வரும் என்றால், 'பெயிண்ட் அடிச்சாச்சு, வாடகை ஐந்நூறு கூட' என்று முடியவும் வாய்ப்பிருக்கிறது. மானியம் வாங்கும் வீட்டுக்குச் சில வருஷம் வாடகை ஏற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது கஷ்டமான காரியமா?

பூச்சு அடித்தால் போதாது, பராமரிப்பும் வேண்டும். மொட்டை மாடியில் துணி காயும், வத்தல் காயும், ராத்திரி ஆட்கள் படுப்பார்கள். தூசி படிந்து, இரண்டு மழை பார்த்தால் வெள்ளை மங்கிவிடும். யார் கழுவுவது, யார் மறுபடி அடிப்பது, எந்தப் பணத்தில் என்று முதல் நாளே அந்தக் குடியிருப்பு மகளிர் குழுவோடு பேசி வைக்கலாம். அந்த வேலையைக் கூலியோடு அவர்களுக்கே கொடுத்தாலும் தப்பில்லை.

இன்னொன்று, மிகச் சாதாரணமானது. புதுக் கட்டடம் ஒப்படைத்த பிறகு, ஒரு கோடை முழுக்க, மேல்மாடியில் ஒரு வீடு, நடு மாடியில் ஒரு வீடு, மேற்கு மூலையில் ஒரு வீடு என்று வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சின்னக் கருவிகளை மாட்டலாம். ஒன்று சில ஆயிரம் ரூபாய்தான். இரவு பத்து மணிக்கு உள்ளே எத்தனை டிகிரி என்று அந்தக் குடியிருப்பின் நோட்டீஸ் போர்டில் வாராவாரம் ஒட்டட்டும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை அந்தக் கோடை முடிந்த பிறகு கொடுக்கட்டும். கருவியை எந்தெந்த வீட்டில் மாட்டுவது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு, எட்டாவது மாடி மேற்கு மூலை வீட்டு அம்மாவையும் கூப்பிட வேண்டும். அவர் வேலை முடிந்து வர சாயங்காலம் ஆறரை ஆகும், கூட்டத்தை அதற்குப் பிறகு வைக்கட்டும்.